சிகரெட்டாகவே இருக்கட்டும்

பிப்ரவரி 6, திங்கள்

நோட்டு போடச் சொன்னது டாக்டர் மெர்லின். வாரம் ஒரு முறை எடை, பசி எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளிக்குப் போகிறார், வலி ஏதும் உண்டா. இவ்வளவுதான் எழுத வேண்டுமாம். ஹாஸ்டல் அலமாரியில் கேட்பாரில்லாமல் கிடந்த ஒரு வருகைப் பதிவேட்டை எடுத்து வந்துவிட்டேன். முப்பது வருஷமாக இருநூறு பெண்பிள்ளைகளுக்கு ஆஜர் போட்ட வார்டன் கை. இனி ஒரே ஆளுக்குப் போட வேண்டும். அந்த இருநூறு பேரையும் மேய்த்துவிடலாம், இந்த ஒரு ஆளைத்தான் முடியாது.

பெயர் ஆறுச்சாமி. என் வீட்டுக்காரர். வயது ஐம்பத்தொன்பது. பொள்ளாச்சியில் வீட்டு முன்பக்கத்திலேயே மோட்டார் ரீவைண்டிங் பட்டறை, எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுகிற வேலை. போன ஜூனில் பெருங்குடலில் கட்டி என்று கோயமுத்தூரில் ஒரு முழம் குடலை வெட்டி எடுத்தார்கள். பக்கத்திலிருந்த நிணநீர் முடிச்சுகளில் இரண்டிலும் அது இருந்தது. எட்டுச் சுற்று கீமோ. போன மாதத்தோடு முடிந்தது.

எடை 61. பசி: "சமைக்கறவங்களைப் பொறுத்துன்னு எழுது" என்கிறார். எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 9, வியாழன்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சி.இ.ஏ. 2.4.

அது ரத்தத்தில் இருக்கிற ஒரு புரதமாம். இந்த மாதிரிக் கட்டி இருந்தால் பல பேருக்கு அது ஏறும். இவருக்கு ஆபரேஷனுக்கு முன்னால் பதினாலு. கட்டியை எடுத்தபின் 2.1க்கு இறங்கியது. இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நோய் திரும்பினால் சில சமயம் ஸ்கேனுக்கு முன்னால் இதில் தெரிந்துவிடும் என்றார் டாக்டர்.

"2.1 இருந்தது 2.4 ஆயிருக்குதுங்களே டாக்டர்?" என்றார் இவர்.

"அதெல்லாம் கணக்கே இல்ல. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

நிம்மதியாகத்தான் வந்தார். "பாயிண்ட் மூணு எச்சா ஆயிருக்குது அம்மிணி, பாயிண்ட் மூணு எச்சா ஆயிருக்குது" என்று கிணத்துக்கடவு வரைக்கும் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தார். கிணத்துக்கடவில் முறுக்கு வாங்கிக் கையில் கொடுத்தேன். பேச்சு நின்றது.

எனக்கு ஒரு கவலையும் இல்லை.

பிப்ரவரி 21, செவ்வாய்

எடை 61.5. இரண்டு தடவை. வலி இல்லை.

கீமோ மருந்து இவர் விரல் நுனிகளை மரக்கடித்துவிட்டுப் போயிருக்கிறது. முடி மாதிரி மெல்லிசான செம்புக் கம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிற ஆள். இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கம்பியைத் தேடித் தேடிப் பிடிக்கிறார். ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டால் இன்னும் சுள்ளென்று ஏறுகிறதாம். கைப்பிடியில் ஒரு பழைய துண்டைச் சுற்றி வைத்தேன்.

"மோட்டார்க்காரனுக்கு ஃப்ரிட்ஜ் ஷாக் அடிக்குதுன்னு வெளிய சொல்லிப்போடாத அம்மிணி. ஒருத்தன் வேலை கொண்டாந்து தர மாட்டான்."

இன்று ஒரு மிக்ஸி மோட்டார் சுற்ற நாலு மணி நேரம் ஆனது. நான் ஜன்னலோரம் நின்று பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

மார்ச் 4, சனி

எடை 62.5. டாக்டர் நடக்கச் சொன்னதால் தினமும் சாயங்காலம் நடக்கிறார். இரண்டு தெரு தள்ளி காதர் பாய் டீக்கடை வரைக்கும். காதர் பாய் இவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். இன்று நடந்துவிட்டு ஒரு கட்டுக் கறிவேப்பிலையோடு வந்தார். அதற்காகத்தான் போனாராம்.

எங்கள் புழக்கடையில் கூரையைத் தாண்டி ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது.

மார்ச் 15, புதன்

ஹாஸ்டலில் எனக்கு 'மோப்பம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது மாடியில் ஒருத்தி மேகி கிண்டினால் எனக்குக் கீழே ஆபீஸ் அறையில் தெரிந்துவிடும். இன்று ஒரு பிள்ளை தலைவலித் தைலத்தைப் பூசிக்கொண்டு லீவு கேட்டு வந்தாள். தைலத்துக்கு அடியில் புது சென்ட் வாசம். "பஸ்ஸைத் தவற விட்டுராத, மேட்னி ஷோ ரெண்டரைக்கு" என்றேன். அழுதுவிட்டாள். லீவு கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் இவரிடமிருந்து ஏலக்காய் வாசம். வாசலில் நிற்கும்போதே வருகிறது. ஜீரணத்துக்கு நல்லது என்றார். நல்லதுதான்.

ஏப்ரல் 2, ஞாயிறு

எடை 64. ஏலக்காய் டப்பா காலி. இந்த வீட்டில் பாயசம் வைத்து மூன்று மாதம் ஆகிறது.

மே 8, திங்கள்

சி.இ.ஏ. 4.9.

டாக்டர் மெர்லின் தாளைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். எங்கள் சிந்துஜா வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"ஒரு நம்பரை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. கீமோவுக்கு அப்புறம் ஈரல் கொஞ்சம் சோர்ந்திருந்தாலும் ஏறும். உடம்புல வேற எங்கயாவது புண், வீக்கம் இருந்தாலும் ஏறும். நாலு வாரம் கழிச்சு அதே லேப்ல மறுபடி பாக்கலாம். அப்பவும் ஏறியிருந்தா ஸ்கேன்." பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். "நீங்க சிகரெட் பிடிக்கறதில்லையே? பிடிக்கறவங்களுக்கும் இது கொஞ்சம் கூடுதலா காட்டும்."

"இல்லீங்க" என்றார் இவர். "கட்டின்னு சொன்ன அன்னிக்கே விட்டாச்சுங்க."

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல படம். மயில்.

மகள் வயது டாக்டர் முன்னால் ஒரு மனுஷனை எப்படிக் காட்டிக் கொடுப்பது? இதை இங்கே எழுதிவிடுகிறேன், இந்த நோட்டை டாக்டரிடம் காட்டினால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொள்ளலாம். மார்ச் மாதத்திலிருந்தே எனக்குத் தெரியும். ஏலக்காய்க்கு அடியில் என்ன வாசம் என்று தெரியாமலா முப்பது வருஷம் ஹாஸ்டலில் குப்பை கொட்டினேன்? தெரிந்தும் விட்டுவிட்டேன். நாக்கில் ருசி போயிற்று, விரலில் உணர்ச்சி போயிற்று, பட்டறையில் பாதி வேலை போயிற்று. சாயங்காலம் ஒன்றே ஒன்று பிடித்துவிட்டு, திருட்டுப் பூனை மாதிரி ஏலக்காய் மென்றுகொண்டு வருகிறார். அந்தச் சந்தோஷத்தையும் நான் பிடுங்க வேண்டுமா என்றுதான்.

மே 10, புதன்

இன்றும் போய்விட்டு வந்தார். ஏலக்காயும் அதுவும் நன்றாகவே அடித்தது.

வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். ஏழு தின்றார்.

மே 18, வியாழன்

பெங்களூரிலிருந்து சிந்துஜா கூப்பிட்டாள். கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் படித்து வைத்திருக்கிறாள்.

"அம்மா, சிகரெட் குடிக்கறவங்களுக்கு அஞ்சு வரைக்கும் இருந்தாக்கூட நார்மல்தானாம். ஆனா அப்பாதான் விட்டுட்டாரே."

"ஆமா. விட்டுட்டாரு."

"உங்க குரல் ஏம்மா சந்தோஷமா இருக்குது?"

"கச்சாயம் நல்லா வந்துச்சு கண்ணு."

போனை வைத்துவிட்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். முப்பத்திரண்டு வருஷம் இந்தச் சிகரெட்டோடு நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. பாக்கெட்டைக் கிணற்றில் போட்டிருக்கிறேன். சாம்பார்க் கரண்டியால் அடிக்கப் போயிருக்கிறேன். சிந்துஜா பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஊதினார் என்று ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன். அதே நான் இன்று அம்மன் முன்னால் கும்பிட்டு நின்று கேட்டது இதுதான்: "தாயே, சிகரெட்டாகவே இருக்கட்டும்."

பூசாரி என்ன வேண்டுதல் என்று கேட்டார். குடும்ப நலன் என்றேன்.

மே 27, சனி

எடை 64. பசி உண்டு. ஒரு தடவை.

இவர் சட்டையைத் துவைக்கும்போது நான் பாட்டு முணுமுணுத்தேனாம். அவர் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. சட்டையில் அவ்வளவு சிகரெட் நாற்றம். இரண்டு தடவை சோப்புப் போட வேண்டியிருந்தது. பிடித்துத் தொலையட்டும். நாலு வாரம் முடிந்து டெஸ்ட் வரட்டும், ஏறியிருந்தால் டாக்டரிடம் நானே சொல்லிவிடுவேன். சிகரெட்டை நிறுத்தினால் நம்பரும் இறங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 5, திங்கள்

7.6.

ஜூன் 7, புதன்

நேற்று எதுவும் எழுதவில்லை. இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டாக்டர் தாளை மேஜைமேல் வைத்தார். "மூணு தடவையா ஏறிட்டே வருது. ஸ்கேன் எடுத்துரலாம்."

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றேன். குரல் ஹாஸ்டலில் பேசுகிற குரலாக வந்துவிட்டது. "இவரு உங்ககிட்டப் பொய் சொல்லிட்டாருங்க. இவரு இன்னும் சிகரெட் பிடிக்கறாரு. தினம் சாயங்காலம். எனக்கு மார்ச்சுல இருந்தே தெரியுமுங்க. நானும் சொல்லாம இருந்துட்டேன். தப்பு என்மேலயும் இருக்குது. அதனாலதான் ஏறியிருக்கும். நிறுத்தச் சொல்லுங்க. நிறுத்திட்டு மறுபடி எடுத்துப் பாக்கலாம். ஸ்கேன் எல்லாம் எதுக்குங்க?"

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். டாக்டர் இவரைப் பார்த்தார்.

இவர் மரத்துப்போன விரல்களைத் தொடைமேல் தேய்த்துக்கொண்டிருந்தார். "பிடிச்சது வாஸ்தவம்தானுங்க. போன தடவை நீங்க கேட்டப்போ பொய் சொல்லிப்போட்டேன். ஆனா, அன்னிக்கு இங்கிருந்து போன பஸ்ஸுலயே விட்டுட்டனுங்க. முப்பது நாளாச்சு. ஒண்ணுகூடத் தொடல."

"பொய்" என்றேன். "டாக்டர், தினம் நாத்தத்தோட வர்றாருங்க. சட்டையைத் துவைக்கறது நான்."

"அது காதர் பாய் சிகரெட்டு அம்மிணி."

"என்ன?"

"பாய் பிடிப்பான். நான் அவன் எதுக்கால உக்காந்துக்குவேன். சட்டையில வாசம் ஏறட்டும்னு."

"ஏலக்காய்?"

"அதை மெல்லாம வந்தா நீ நம்ப மாட்டியே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டாக்டருக்கும் விளங்கவில்லை போல. நாற்காலியில் முன்னுக்கு வந்து உட்கார்ந்தார். இவர் டாக்டரைப் பார்த்துத்தான் பேசினார். என்னைப் பார்க்கவில்லை.

"நாலு வாரம் விட்டுப் பாக்கலாம், இறங்குச்சுன்னா சிகரெட்டுன்னு நெனச்சுக்கலாம்னு நானா ஒரு கணக்குப் போட்டனுங்க. ரெண்டாம் நாளு காதர் கடையில சும்மா உக்காந்துட்டு, பழக்கத்துல ஏலக்காயை மட்டும் மென்னுட்டுத்தான் வந்தேன். அவன் ஊதின வாசம் சட்டையில இருந்திருக்கும் போல. இவ மோந்து பாத்தா. பாத்துட்டு அன்னிக்குக் கச்சாயம் சுட்டாளுங்க. அப்புறம் கவனிச்சேன். வாசத்தோட வர்ற அன்னிக்கெல்லாம் இவ நல்லா இருக்கறா. வாசம் இல்லாம வந்த ஒரு நாளு, சோத்துல கையை வெச்சிட்டு உக்காந்திருந்தா. சரி, நம்பர் வர்ற வரைக்குமாவது சிரிச்சுட்டு இருக்கட்டும்னு..."

டாக்டர் மெர்லின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு ஒன்றும் இல்லை அதில்.

"வீட்டுக்காரம்மா சொல்லாம இருந்தது தப்பு, நீங்க பொய் சொன்னது அதைவிடத் தப்பு" என்றார். "இனிமே ரெண்டு பேரும் என்கிட்ட உண்மையை மட்டும் சொல்லுங்க. சிகரெட்டால இவ்வளவு தூரம், இப்படிப் படிப்படியா ஏறாது சார். பிடிச்சிட்டு இருந்திருந்தாலும் நான் ஸ்கேன் எடுத்திருப்பேன்."

"தெரியுமுங்க" என்றார் இவர். "அம்மீட்டர்ல முள்ளு ஒருக்கா துடிச்சா, மோட்டாரைப் பிரிக்க மாட்டோம். போட்ட ஒவ்வொரு தடவையும் எச்சா காட்டுச்சுன்னா, பிரிச்சுப் பாத்தே ஆகோணும்."

"அதேதான்" என்றார் டாக்டர்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்து வந்தேன். பாதி வழியில், "முப்பது நாளு வேணும்னே நாத்தத்தோட வந்திருக்கறீங்க. ரெண்டு சோப்பு கரைஞ்சு போச்சு" என்றேன்.

"கோவமா?"

"பின்ன?"

கையை என் கைமேல் வைத்தார். விரல் நுனியில் உணர்ச்சி இல்லாததால் கொஞ்சம் அழுத்தித்தான் வைப்பார். எடுக்கச் சொல்லவில்லை.

ஜூன் 8, வியாழன்

ஹாஸ்டல் போனேன். மூன்றாவது மாடியில் மேகி. போய்ப் பிடிக்கவில்லை.

ஜூன் 15, வியாழன்

உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலின் வலது பக்கத்தில் ஓரமாக ஒரே ஒரு புள்ளி. இரண்டு சென்டிமீட்டர். வேறு எங்கேயும் இல்லை.

சிந்துஜாவிடம் நான் சொன்னேன். அவள் அழுதாள். இவர் போனை வாங்கி, "மோட்டாருல ஒரே ஒரு சுத்துதான் எரிஞ்சிருக்குது கண்ணு. மத்த சுத்தெல்லாம் நல்லா இருக்குது. அதை மட்டும் வெட்டி எடுத்தாப் போச்சு" என்றார். அவள் அழுகையிலேயே சிரித்துவிட்டாள். போனை வைத்ததும் இவர் பட்டறைக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தார். மெஷின் எதுவும் ஓடவில்லை. நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு நானும் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

இனி இவர் காதர் கடைக்கு எதற்கும் போக வேண்டியதில்லை என்று நினைத்தேன். சாயங்காலம் காதர் பாயே வந்துவிட்டார், கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு. "ஒரு மாசம் உன் சட்டைக்கு ஊதி ஊதி என் நெஞ்சு கெட்டுப்போச்சுடா. நானும் விட்டுடறேன்" என்றார். விட மாட்டார். சொன்னதே பெரிசு.

ஜூன் 22, வியாழன்

இன்றைக்கு டாக்டர் மெர்லினும், ஈரல் ஆபரேஷன் செய்யப்போகிற சர்ஜனும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். சர்ஜன் படம் வரைந்து காட்டினார். ஈரலில் அந்த ஓரத்தை மட்டும் வெட்டி எடுப்பது. ஈரல் மிச்சமிருப்பதை வைத்துச் சமாளித்துக்கொள்ளும்.

நான் கேட்க நினைத்ததை இவர் கேட்டுவிட்டார். "எத்தனை நாளைக்குங்க டாக்டர்?"

டாக்டர் மெர்லின் சுற்றி வளைக்கவில்லை. "நாளும் தேதியும் என்னால சொல்ல முடியாது. உங்களை மாதிரி, ஒரே இடத்துல வந்து, அதைச் சுத்தமா வெட்டி எடுக்க முடிஞ்சவங்கள்ல, கிட்டத்தட்டப் பாதிப் பேர் அஞ்சு வருஷத்தைத் தாண்டறாங்க. சில பேருக்கு மறுபடி வர்றதே இல்ல. நிறையப் பேருக்கு மறுபடி வரும். வந்தா மறுபடி பாப்போம். நம்பர் சீக்கிரமே காட்டிக் கொடுத்ததால, இது சின்னதா இருக்கும்போதே பிடிச்சிருக்கோம். அது உங்களுக்குச் சாதகம்."

"பாதி" என்றார் இவர். "பத்தாவதுல கணக்குல முப்பத்தஞ்சு வாங்கினவனுங்க நானு. நூலிழையில பாஸ் பண்ணியே பழக்கம்."

"அதுவும் பிட் அடிச்சு" என்றேன் நான்.

சர்ஜன்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். வெளியே வந்ததும் பாத்ரூம் எங்கே என்று நர்ஸிடம் கேட்டுப் போனேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றேன். முகம் கழுவினேன் என்று இவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் கழுவினே என்றார்.

ஜூலை 5, புதன்

காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, "நோட்டுல ஆஜர் போட்டுட்டியா?" என்றார். போட்டாச்சு என்றேன்.

பத்து மணி. சிந்துஜா தூணில் சாய்ந்து தூங்குகிறாள்.

பதினொன்று நாற்பது. இன்னும் இல்லை.

முதல் பக்கங்களில் எனக்குக் கவலை இல்லை என்று எழுதியிருக்கிறேன். பொய். பிப்ரவரியில் 2.4 வந்த அன்றைக்கு, முறுக்கு வாங்கிக் கொடுத்தது அவர் வாயை மூட மட்டுமல்ல. இன்னொரு தடவை பாயிண்ட் மூணு என்று அவர் சொல்லியிருந்தால் நான் பஸ்ஸிலேயே அழுதிருப்பேன். பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஒன்று பத்து. சர்ஜன் வெளியே வந்தார். முழுவதும் எடுத்தாகிவிட்டது. சுற்றிலும் சுத்தமாக இருக்கிறது என்றார்.

ஜூலை 6, வியாழன்

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "தலை சீவலியா?" என்றார்.

ஜூலை 13, வியாழன்

வீடு. எடை 59. பசி இல்லை. தையல் இழுக்கிறது என்கிறார். சிரிக்க வைக்காதே, வலிக்கிறது என்று உத்தரவு. நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 17, வியாழன்

1.9.

டாக்டர் மெர்லின் எண்ணைச் சொல்லவில்லை. தாளை அப்படியே திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார். இவர் கண்ணாடி போடாமல் பார்த்து, "19ங்களா?" என்றார். எனக்கு ஒரு நொடி உயிர் போய் வந்தது. "நடுவுல புள்ளி இருக்குது சார்" என்றார் டாக்டர்.

கை விரல் இந்த நிலையில் இருப்பதால் இப்போதைக்கு வேறு கீமோ வேண்டாம், பார்த்துக்கொண்டே இருப்போம் என்று முடிவு செய்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம். ஆறு மாதத்தில் ஸ்கேன்.

வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன். ஏலக்காய் போட்டேன், அடுப்பிலிருக்கும் பாத்திரத்தில்.

அக்டோபர் 3, செவ்வாய்

எடை 63. பட்டறையை முழு நாளும் திறக்கிறார். விரல் கொஞ்சம் தேவலை. வலது கைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் கம்பி தெரிகிறதாம். மற்ற மூன்றும் இன்னும் தூக்கம்.

நவம்பர் 16, வியாழன்

2.3.

டாக்டர், "1.9ம் 2.3ம் எனக்கு ஒண்ணுதான்" என்றார். நான் தலையாட்டினேன். பஸ்ஸில் ஏறியதும் பாயிண்ட் நாலு, பாயிண்ட் நாலு என்று மனசுக்குள் ஓட ஆரம்பித்தது. இந்தத் தடவை அது எனக்கு. வாய் விட்டே சொல்லியிருப்பேன் போல. இவர் குனிந்து பார்த்தார்.

"அம்மிணி. ஒரே மோட்டாரை, ஒரே மீட்டர்ல, காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா பாத்தாலே வித்தியாசம் காட்டும். முள்ளு அப்படித்தான் ஆடும்."

"இது ஏறிட்டே போச்சுன்னா?"

"போச்சுன்னா பிரிச்சுப் பாப்போம். இன்னிக்குப் பிரிக்கற நாளு இல்ல."

சிந்துஜாவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். "ஏறியிருக்காம்மா?" என்றாள். "ஆடியிருக்குது" என்றேன்.

நவம்பர் 21, செவ்வாய்

ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் தன் போர்வெல் மோட்டாரை எடுத்துப்போக வண்டியோடு வந்திருந்தார். போன வாரம் கொண்டுவந்து போட்டது. எரிந்துபோன சுற்று எல்லாவற்றையும் பிரித்து, ஆறு நாள் உட்கார்ந்து இவரே புதுசாகச் சுற்றியது. வேறு ஆள் கை படவில்லை. ஓடவிட்டுக் காட்டினார். சத்தம் கேட்கவில்லை, அவ்வளவு நைசாக ஓடியது.

நான் வீட்டுக்குள் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பட்டறையில் பேசுவதெல்லாம் கேட்கும்.

"எத்தனை நாளைக்கு கேரண்டி தருவீங்க?" என்றார் தோப்புக்காரர்.

முப்பது வருஷமாக இந்தப் பட்டறையில் ஆறு மாதம்தான். சண்டை போட்டாலும் ஆறு மாதம்தான். சொந்தத் தம்பிக்கே ஆறு மாதம்தான் கொடுத்தார்.

"ரெண்டு வருஷமுங்க" என்றார் இவர்.

தோப்புக்காரருக்கே ஆச்சரியம். "ரெண்டு வருஷமா? நடுவுல எரிஞ்சுதுன்னா?"

"கொண்டாங்க. நாந்தானே சுத்துனது, நானே பிரிச்சுக் கட்டித் தர்றேன்."

"நீங்க இருப்பீங்களா, கடையைக் கிடையை மாத்திருவீங்களா?"

"இங்கதாங்க இருப்பேன். எங்க போறது?"

முறத்தைப் பார்த்தால் காம்பையும் இலையையும் ஒன்றாகவே போட்டிருக்கிறேன். மறுபடி முதலிலிருந்து உருவ வேண்டும்.

தோப்புக்காரர் மோட்டாரை ஏற்றுவதற்குள் இவர் ரசீதுப் புத்தகத்தோடு உள்ளே வந்தார். எழுதிய தாளை என்னிடம் நீட்டினார். ஐந்து விரலையும் நம்ப முடியாததால் பேனாவை முஷ்டியில் பிடித்து எழுதியிருக்கிறார். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்க்கிறது. கேரண்டி 21.11.2025 வரை. கீழே ஆறுச்சாமி என்று கையெழுத்து.

"நீ வார்டன். பாத்துச் சொல்லு. தப்பில்லையே?"

நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன்.

"தேதி கோணலா இருக்குதுங்க மாமா."

"இருந்துட்டுப் போகுது. படிக்க முடியுதில்ல?"

"முடியுது" என்றேன். "நல்லாவே முடியுது."

வாங்கிக்கொண்டு வெளியே போனார்.